சக்கரவர்த்தினிக்கு நகை தர மறுத்தவர்

1867-ஆம் ஆண்டு. பாரிஸ் நகரத்தில் பிரமாண்டமான பொருட்காட்சி ஒன்று நடந்தது. உலகத்தின் நாலா மூலைகளில் இருந்தும் ஜனங்கள் திரண்டு வந்தார்கள்.

எகிப்து நாடும் அங்கே ஒரு கோவிலைப் போலக் கட்டிடம் எழுப்பி, தன் பழம்பொருள்களை வைத்திருந்தது. அவற்றில் எல்லோருடைய கண்ணையும் பறித்தவை, ஆஹோதெப் என்ற ராணியின் நகைகள். அந்த ராணி இறந்து சுமார் 3,400 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் தங்கம் நேற்றுச் செய்தது போல மின்னியது.

பிரான்சு நாட்டுச் சக்கரவர்த்தினி யூஜினி அந்த நகைகளைப் பார்த்தார். ஆசைப்பட்டார். அவற்றைத் தமக்குத் தர வேண்டும் என்று எகிப்து மன்னர் இஸ்மாயிலுக்குச் சொல்லி அனுப்பினார்.

இஸ்மாயிலுக்குத் தர்மசங்கடம். பிரான்சின் தயவு அவருக்குத் தேவை. இல்லை என்று சொல்ல நா எழவில்லை. இந்த விஷயத்தில் தம்மைவிடப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரைத்தான் கேட்க வேண்டும் என்று பதில் சொல்லிவிட்டார்.

யார் அந்தப் பெரியவர்? அரசரும் அல்ல, மந்திரியும் அல்ல. எகிப்து சர்க்காரிடம் சம்பளம் வாங்கிய ஓர் உத்தியோகஸ்தர்! அவரும் பிரெஞ்சுக்காரரே. கேட்பவர் தாய்நாட்டின் சக்கரவர்த்தினி. எஜமானரோ குறுக்கே நிற்கவில்லை. தலையை ஆட்டியிருந்தால், பட்டமும் பதவியும் வீடு தேடி வந்திருக்கும்.

அவர் முடியாது என்று மறுத்துவிட்டார்.

அவர் பெயர் அகஸ்ட் மாரியட். இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தின் பழம்பொருள்களைப் பெட்டி பெட்டியாகப் பிரான்சுக்குக் கப்பல் ஏற்றியவரும் இதே மாரியட்தான்!

கொண்டு போக வந்தவர் காவல்காரராக மாறியது எப்படி? அதுதான் அவருடைய வாழ்க்கைக் கதை.

ஒரு பெட்டி நிறையக் காகிதம்

மாரியட் 1821-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி பிறந்தார். பிரான்சின் வடகரையில் உள்ள புலோன் என்ற துறைமுகப் பட்டணம் அவருடைய ஊர். தந்தை நகரசபை அலுவலகத்தில் குமாஸ்தா. பெரிய சொத்து சுகம் இல்லை.

பதினெட்டு வயதில் பிழைப்புத் தேடி இங்கிலாந்துக்குப் போனார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு, ரிப்பன் செய்யும் கம்பெனிக்குப் பூ வேலை வரைந்து கொடுத்தார். இரண்டும் ஒத்து வரவில்லை. ஊர் திரும்பி, பரீட்சையில் தேறி, ஆசிரியர் ஆனார்.

அவருடைய உறவினர் ஒருவர் ஓவியர். நெஸ்டர் லோட் என்று பெயர். ஷாம்போலியன் என்ற பேரறிஞருடன் எகிப்துக்குப் போய் வந்தவர் அவர். எகிப்தியரின் பழைய சித்திர எழுத்துக்களை எப்படிப் படிப்பது என்று 1822-இல் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னவர்தான் ஷாம்போலியன். 1842-இல் நெஸ்டர் லோட் இறந்தார். அவர் விட்டுப்போன காகிதங்களை ஒழுங்குபடுத்தும் வேலை மாரியட்டிடம் வந்தது.

பறவை, பாம்பு, கண், கை, படகு — இப்படிச் சித்திரமாகவே எழுதிய எழுத்து! மாரியட் சொக்கிப் போனார். பகலில் பள்ளிக்கூடம், மற்ற நேரமெல்லாம் எகிப்து. குரு இல்லாமல் தாமாகவே படித்தார். 1849-இல் பாரிசில் உள்ள புகழ்பெற்ற லூவர் பொருட்காட்சி சாலையில் ஒரு சின்ன வேலை கிடைத்தது.

ஏடு வாங்கப் போனவர்

எகிப்தில் காப்டிக் கிறிஸ்தவர்கள் என்று ஒரு பழைய சமூகத்தார் இருக்கிறார்கள். அவர்களுடைய மடங்களில் பழைய கையெழுத்து ஏடுகள் இருந்தன. அவற்றை விலைக்கு வாங்கி வரும்படி 1850-இல் மாரியட்டை லூவர் அனுப்பியது.

முன்பு வந்த வெள்ளைக்காரர்கள் சிலர் அந்த மடங்களில் இருந்து ஏடுகளை அள்ளிக் கொண்டு போயிருந்தார்கள். சூடு கண்ட பூனையாக இருந்த துறவிகள் மாரியட்டை எளிதில் நம்பவில்லை. காரியம் இழுத்துக் கொண்டே போயிற்று.

காத்திருந்த நாட்களில் மாரியட் ஊர் சுற்றினார். பணக்காரர்களின் தோட்டங்களில் ஒரே மாதிரியான கற்சிலைகளைப் பார்த்தார். சிங்க உடல், மனிதத் தலை. ஸ்பிங்ஸ் என்று அதற்குப் பெயர். கெய்ரோ நகருக்குப் பக்கத்தில் சக்காரா என்ற பாலைவன மேடு இருக்கிறது. அங்கே போனபோது, அதே மாதிரி ஒரு தலை மணலுக்கு வெளியே நீட்டிக் கொண்டிருந்தது!

மாரியட்டுக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. 1,800 ஆண்டுகளுக்கு முன் எகிப்துக்கு வந்த ஸ்டிராபோ என்ற யாத்ரிகர், இங்கே ஒரு கோவில் இருப்பதாக எழுதி வைத்திருந்தார். அதற்குப் போகும் பாதையில் ஸ்பிங்ஸ் சிலைகள் மணலில் புதைந்து கிடந்ததாகவும் எழுதியிருந்தார்.

மாரியட் ஏடுகளை மறந்தார். ஏடு வாங்கக் கொடுத்த பணத்தைக் கொண்டு முப்பது ஆட்களை அமர்த்தித் தோண்டத் தொடங்கினார்!

ஒன்று, இரண்டு என்று 130-க்கு மேற்பட்ட சிலைகள் வரிசையாக வெளிப்பட்டன. மணலோ தண்ணீரைப் போல மீண்டும் மீண்டும் சரிந்து விழுந்தது. கண் நோயும் அவரை வாட்டியது. மனிதர் விடவில்லை. ஓராண்டு கழித்து, 1851 நவம்பரில், பூமிக்கு அடியில் இருந்த சுரங்க மண்டபத்துக்குள் நுழைந்தார்.

அது காளைகளின் கல்லறை! நம் ஊர்களில் கோவில் காளை வளர்ப்பது உண்டு அல்லவா? அதைப் போல எகிப்தியர் ஆபிஸ் என்ற காளையைத் தெய்வமாகப் போற்றி வளர்த்தார்கள். அது இறந்தால், அரசரை அடக்கம் செய்வது போல அடக்கம் செய்தார்கள். சுரங்கத்தில் ராட்சதக் கல் பெட்டிகள் இருபத்து நான்கு இருந்தன. ஒவ்வொன்றும் பல பத்து டன் எடை. ஆனால் திருடர்கள் எந்தக் காலத்திலோ அவற்றைச் சூறையாடிவிட்டார்கள்.

வேறொரு பகுதியில் திருடர் கைபடாத அறை ஒன்றும் கிடைத்தது. அதன் தரையில் மணல் மேல் ஒரு காலடிச் சுவடு தெரிந்தது. 3,000 ஆண்டுகளுக்கு முன் வேலை முடித்துக் கடைசியாக வெளியேறிய தொழிலாளியின் கால் பட்ட இடம்! பொன்னையும் மணியையும் பார்த்து அசராத மாரியட், அந்தச் சுவட்டைக் கண்டு நெகிழ்ந்து போனார்.

இரவில் புறப்பட்ட பெட்டிகள்

அப்போது எகிப்தை ஆண்டவர் அப்பாஸ் பாஷா. கிடைத்த பொருள்களில் ஒரு பகுதியைப் பிரான்சுக்குத் தர அவருடைய சர்க்கார் சம்மதித்தது. இனிமேல் கிடைப்பதெல்லாம் எகிப்துக்கே சொந்தம் என்று நிபந்தனை போட்டது. காவலும் வைத்தது.

மாரியட் அந்த நிபந்தனையை மீறினார். கிடைத்ததை மறைத்தார்; இரவில் தோண்டினார்; கட்டிப் பெட்டியில் போட்டு அனுப்பினார். நாலு ஆண்டுகளில் சுமார் 6,000 பொருள்கள் லூவருக்குப் போய்ச் சேர்ந்தன. சக்காராவில் அவர் கண்டெடுத்த, மடியில் ஏடு விரித்து உட்கார்ந்திருக்கும் கணக்கப்பிள்ளையின் சிலை இன்றும் பாரிசில்தான் இருக்கிறது.

1854-இல் பிரான்சுக்குத் திரும்பினார். பேரும் புகழும் கிடைத்தன. ஆனால் அவர் எகிப்தில் கண்ட காட்சிகள் மனதை அரித்துக் கொண்டே இருந்தன.

என்ன காட்சிகள்? பழைய கோவில்களின் கல்லைப் பெயர்த்து ஆலை கட்டினார்கள். சலவைக் கல் போன்ற சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் போட்டுச் சுட்டார்கள். வெளிநாட்டுத் தூதர்கள் ஆளுக்கு ஒரு மேட்டைத் தோண்டி, கிடைத்ததை விற்றார்கள். பழம்பொருள்களை வெளிநாட்டுக்குக் கொண்டு போகக் கூடாது என்று 1835-இலேயே எகிப்தில் உத்தரவு இருந்தது. உத்தரவு காகிதத்தில் இருந்தது, காவல் இல்லை.

அந்த உத்தரவின்படி கெய்ரோவில் சேர்த்து வைத்த பொருள்களின் கதி என்ன ஆயிற்று தெரியுமா? 1855-இல் ஆஸ்திரிய இளவரசர் ஒருவர் விருந்தாளியாக வந்தார். அப்போதைய ஆட்சியாளர் சையது பாஷா, மிச்சம் இருந்த அத்தனையையும் அவருக்கு அன்பளிப்பாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார்!

ஒரு நாட்டின் பழம்பெருமை வெற்றிலை பாக்கு போல விருந்தாளிக்குக் கொடுக்கும் பொருளாக இருந்த காலம் அது.

காவல்காரர் ஆனார்

1857-இல் மாரியட் மீண்டும் எகிப்துக்கு வந்தார். சூயஸ் கால்வாயை வெட்டிய லெசெப்ஸ், சையது பாஷாவுக்கு நண்பர். மாரியட்டுக்காக அவரும் பரிந்து பேசினார். 1858 ஜூன் முதல் தேதி, எகிப்தின் பழம்பொருள்களுக்கெல்லாம் மாரியட்டைத் தலைவராகப் பாஷா நியமித்தார்.

இனி அவர் அனுமதி இல்லாமல் யாரும் மண்வெட்டியை எடுக்கக் கூடாது. நைல் நதியில் மேலும் கீழும் போய் வர ஒரு நீராவிப் படகும் தந்தார்கள். வெளிநாட்டுத் தூதர்கள் பல்லைக் கடித்தார்கள்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது.

மாரியட்டின் ஆட்கள் தோண்டிய இடத்தில் ஆஹோதெப் ராணியின் சவப்பெட்டி அகப்பட்டது. மாரியட் அப்போது தொலைவில் இருந்தார். அந்த ஜில்லாவின் அதிகாரி முந்திக் கொண்டார். பெட்டியைத் திறந்தார். சடலத்தை எறிந்துவிட்டு நகைகளை மட்டும் எடுத்துக் கொண்டார். பாஷாவிடம் தாமே கொடுத்து நல்ல பெயர் வாங்கப் படகில் அனுப்பினார்.

சேதி கேட்ட மாரியட் தம் படகை முடுக்கினார். நடு ஆற்றில் எதிரே வந்த படகை மடக்கினார். முதலில் நியாயம் பேசினார். பலிக்கவில்லை. மாரியட் வாட்டசாட்டமான ஆள், கோபமும் அதிகம். ஒருவனை ஆற்றில் தள்ளிவிடுவேன், ஒருவனைச் சுட்டுவிடுவேன் என்று அவர் மிரட்டிய மிரட்டலில் நகைப்பெட்டி கைமாறியது!

தங்கக் கோடரி, கத்தி, துடுப்புப் போடும் ஆட்களோடு கூடிய தங்கப் படகு, போரில் வீரம் காட்டியவர்களுக்குக் கொடுக்கும் ஈ வடிவமான தங்கப் பதக்கங்கள் — எல்லாம் அதில் இருந்தன.

மாரியட் நேரே பாஷாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். பாஷா விழுந்து விழுந்து சிரித்தார். ஆசைக்கு ஒரு சங்கிலியை மட்டும் எடுத்துக் கொண்டார். பின்னால் அதுவும் திரும்பி வந்தது. இந்தப் பொருள்களை வைக்க நல்ல இடம் வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு அப்போதுதான் பலப்பட்டது.

ஊர்த் தலைவர் வந்தார்!

புலாக் என்பது கெய்ரோவின் படகுத் துறை. அங்கே நதி ஓரத்தில் பழைய படகுக் கம்பெனியின் கட்டிடம் ஒன்று காலியாக இருந்தது. மாரியட் அதைச் சீர்படுத்தினார். 1863-இல், இஸ்மாயில் பட்டத்துக்கு வந்த ஆண்டில், அது எகிப்தின் பொருட்காட்சி சாலையாகத் திறக்கப்பட்டது.

அறிஞர்களுக்காக மட்டும் அவர் அதை அமைக்கவில்லை. எகிப்து ஜனங்கள் உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்று விரும்பினார். கண்ணைக் கவரும்படி பொருள்களை அடுக்கினார். நாடக மேடை போல இருக்கிறதே என்று படித்தவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்தப் பொருள்களில் ஒரு மரச்சிலை உண்டு. சக்காராவில் 1860-இல் கிடைத்தது. தொந்தியும் கைத்தடியுமாக ஒரு பெரிய மனிதர் நிற்கிறார். வயது 4,000 ஆண்டுகளுக்கு மேல். அதை மணலில் இருந்து தூக்கிய தொழிலாளிகள், அடடா, இவர் நம் ஊர்த் தலைவர் அல்லவா என்று கூவினார்கள். அவர்களுடைய ஊர்த் தலைவர் அச்சாக அப்படியே இருப்பாராம்! இன்றைக்கும் அந்தச் சிலைக்கு ஊர்த் தலைவர் என்றுதான் பெயர்.

1871-இல் மெய்தூம் என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். விளக்குடன் உள்ளே போன ஆட்கள் அலறி அடித்துக் கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். இருட்டில் நாலு கண்கள் பளபளத்தன! ஓர் இளவரசரும் அவருடைய மனைவியும் சிலையாக உட்கார்ந்திருந்தார்கள். கண்களுக்குப் பளிங்குக் கல் பதித்திருந்தது. அதற்குத்தான் அந்தப் பயம்.

எட்பு என்ற ஊரில் ஒரு பெரிய கோவில் உண்டு. அது மணலில் பாதி புதைந்து, கூரை மேல் வீடுகள் ஏறி நின்றன. ஜனங்களும் ஆடு மாடுகளும் கோவிலின் தலைமேல் குடியிருந்தார்கள். வீடுகளை அகற்றி, மணலை அள்ளிக் கோவிலை வெளியே கொண்டு வந்தார் மாரியட். எகிப்தில் இன்று முழுசாக நிற்கும் கோவில்களில் அதற்கு முதல் வரிசையில் இடம்.

இப்படி முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் அவருடைய ஆட்கள் வேலை செய்தார்கள்.

மறுப்புக்குக் கிடைத்த பலன்

யூஜினி நகை கேட்டதும், மாரியட் மறுத்ததும் இந்தக் காலத்தில்தான். பிரெஞ்சு அரண்மனையின் தயவு அவருக்குக் குறைந்தது. அவர் கவலைப்படவில்லை. ஒன்றைக் கொடுத்தால் அடுத்ததைக் கேட்பார்கள். இன்று சக்கரவர்த்தினி, நாளை இன்னொருவர் என்பது அவருக்குத் தெரியும். வாசல் ஒரு தரம் திறந்தால் மறுபடி மூடாது.

1869-இல் சூயஸ் கால்வாய் திறப்பு விழா. அதே யூஜினி விருந்தாளியாக வந்தார். அவருக்குப் பழைய கோவில்களைச் சுற்றிக் காட்டியவர் யார்? மாரியட்தான்! பார்க்கலாம், எடுத்துப் போகக் கூடாது — இதுதான் அவருடைய சட்டம்.

கால்வாய்க்குப் பிறகு உல்லாசப் பயணிகள் கூட்டம் பெருகியது. அவர்கள் சுவரில் பெயர் கிறுக்கினார்கள். சித்திரத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நேராத சேதம் சில ஆண்டுகளில் நேர்ந்துவிட்டது என்று மாரியட் மனம் நொந்து எழுதினார்.

குறைகளும் உண்டு

மாரியட் குறை இல்லாத மனிதர் அல்ல. அவசரக்காரர். சில இடங்களில் வெடிமருந்து வைத்துக் கல்லைத் தகர்த்தார். எந்தப் பொருள் எந்த இடத்தில், எந்த மண்ணில் கிடைத்தது என்று இன்றைய ஆராய்ச்சியாளர்கள் அங்குலம் அங்குலமாகக் குறிப்பார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. அதனால் பல விவரங்கள் ஒரேயடியாகப் போய்விட்டன.

அவருக்கு உழைத்தவர்களில் பலர் கட்டாய ஊழியத்துக்குப் பிடித்து வரப்பட்ட ஏழைக் குடியானவர்கள். அந்த வியர்வையையும் மறக்கக் கூடாது.

இன்னொரு குறை எல்லாவற்றிலும் பெரியது. எகிப்திய இளைஞர்கள் தங்கள் பழைய எழுத்தைக் கற்பதற்காக 1869-இல் கெய்ரோவில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். அங்கே படித்து வந்தவர்களை மாரியட் தம் இலாகாவில் சேர்த்துக் கொள்ளவில்லை. அவர்கள் வந்தால் தம் இடம் போய்விடும் என்று அஞ்சினார். சில ஆண்டுகளில் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. எகிப்தின் பொருள் எகிப்தில் இருக்க வேண்டும் என்று போராடியவர், எகிப்தியர் கையில் சாவியைத் தர மனம் வரவில்லை.

வெள்ளம் வந்தது

கடைசிக் காலம் துயரம் நிறைந்தது. 1865-இல் அவர் மனைவி காலராவில் இறந்தார். பிள்ளைகள் பலரையும் அவர் கண் எதிரே மரணம் கொண்டு போயிற்று. நீரிழிவு நோய் உடலை உருக்கியது. எகிப்து சர்க்காரும் கடனில் மூழ்கியது.

போதாக்குறைக்கு 1878-இல் நைல் நதி கரை புரண்டது. புலாக் பொருட்காட்சி சாலைக்குள் வெள்ளம் புகுந்தது. ஆயுள் முழுவதும் எழுதி வைத்த குறிப்புகளிலும் புத்தகங்களிலும் பெரும் பகுதியை அது அடித்துக் கொண்டு போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் மூட்டையைக் கட்டியிருப்பார்கள். அவர் சேற்றில் இருந்து பொருள்களை மீட்டு எடுக்கத் தொடங்கினார்.

1880-இல் சிகிச்சைக்காகப் பிரான்சுக்குப் போனார். பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும் எகிப்துக்கே திரும்பினார். 1881 ஜனவரி 18-ந் தேதி, தாம் கட்டிக் காத்த பொருள்களுக்குப் பக்கத்திலேயே, புலாக்கில் கண்ணை மூடினார். வயது 59.

சாவி கைமாறியது

ஆள் போனார், அவர் ஏற்படுத்திய இலாகா போகவில்லை. அவருக்குப் பின் மாஸ்பெரோ என்ற அறிஞர் தலைவரானார். அதே ஆண்டில் மலை இடுக்கில் மறைந்திருந்த பேரரசர்களின் சடலங்களைத் திருடர்களிடம் இருந்து மீட்டார்.

1922-இல் துத்தன்காமன் என்ற இளம் அரசரின் கல்லறையை ஓர் ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். 5,000-க்கு மேற்பட்ட பொருள்கள்! உலகமே வாயைப் பிளந்தது. முந்திய நூற்றாண்டாக இருந்தால் பாதிப் புதையல் கப்பல் ஏறியிருக்கும். இலாகா விட்டுக் கொடுக்கவில்லை. புதையல் எகிப்திலேயே தங்கியது.

1952-இல் எகிப்தில் மன்னர் ஆட்சி கவிழ்ந்தது. அதன் பிறகு இலாகாவின் தலைமை எகிப்தியரிடமே வந்தது. மாரியட் தர மறுத்த சாவியை அவர்கள் தாங்களே எடுத்துக் கொண்டார்கள். 2025 நவம்பரில் பிரமிடுகளுக்கு அருகே மிகப் பெரிய புதிய பொருட்காட்சி சாலை ஒன்றையும் முறைப்படி திறந்துவிட்டார்கள்.

மாரியட் செய்த எல்லாவற்றையும்விட அதிசயம் 2011-இல் நடந்தது. ஜனவரி 28-ந் தேதி, கெய்ரோ நகரமே புரட்சியில் கொந்தளித்தது. துப்பாக்கிச் சத்தம், புகை, நெருப்பு. தாஹ்ரிர் சதுக்கத்தின் ஓரத்தில் 1902-இல் திறந்த பொருட்காட்சி சாலை காவல் இல்லாமல் கிடந்தது. சில திருடர்கள் உள்ளே புகுந்தும் விட்டார்கள்.

அப்போது யாரும் அழைக்காமல் சாதாரண ஜனங்கள் ஓடி வந்தார்கள். இளைஞர்கள் கையோடு கை கோத்தார்கள். கட்டிடத்தைச் சுற்றி மனிதச் சங்கிலியாக நின்று காவல் காத்தார்கள். சம்பளம் இல்லை, உத்தரவு இல்லை. தங்கள் பாட்டன் முப்பாட்டன் சொத்து என்ற எண்ணம் ஒன்றே அவர்களை அங்கே நிறுத்தியது.

அந்தப் பொருட்காட்சி சாலையின் தோட்டத்தில் ஒரு கல் பெட்டி இருக்கிறது. பழைய எகிப்திய அரசர்களின் சவப்பெட்டியைப் போலச் செய்தது. பக்கத்தில் ஒரு வெண்கலச் சிலை. அந்தப் பெட்டிக்குள் உறங்குபவர் மாரியட்.

அன்றைய தினம் காவல் காத்தவர்கள் எல்லோரும் எகிப்தியர்.